பழைய ஹாம் வானொலியில் மின்தேக்கி மாற்றுவது: எவற்றை முதலில், எவற்றைத் தொடாமல்?

ஈசூன்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா பயன்படுத்திய இரண்டு வானொலிகள் அண்மையில் என் பொறுப்புக்கு வந்துள்ளன. ஒன்று, ஹாமர்லண்ட் எச்கியூ-129-எக்ஸ் என்னும் அலைவாங்கி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் 1940களில் அமெரிக்காவில் வெளிவந்தது. மற்றொன்று யாயெசு எஃப்டி-101ஈ. 1970களில் ஜப்பானில் தயாரான, அனுப்பவும் வாங்கவும் கூடிய கருவி. இரண்டும் பல ஆண்டுகளாக வீவக அடுக்குமாடி வீட்டின் சாமான் அறையில் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. இடையில் அவற்றுக்கு யாரும் மின்சாரம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

எனக்கு 9வி1 அழைப்புக் குறி (சிங்கப்பூரில் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளரின் உரிம அடையாளம்) உண்டு. டிரான்சிஸ்டர் கருவிகளைப் பழுதுபார்த்துப் பழக்கம் இருக்கிறது, வால்வுகளோடு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் குழாய்கள்) பழக்கம் இல்லை. ஹாமர்லண்டின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அட்டைக் குழாய்களில் அடைத்த மின்தேக்கிகளிலிருந்து மெழுகு வழிந்து உறைந்திருப்பதையும், ஓர் அலுமினியக் குப்பியின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருப்பதையும் கண்டேன். யாயெசுவின் உட்புறம் தூசியைத் தவிர்த்துப் பார்த்தால் புதிது போலவே இருக்கிறது.

எல்லா மின்தேக்கிகளையும் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டுமா, அல்லது கெட்டவற்றை மட்டும் கண்டுபிடித்து மாற்றினால் போதுமா? என்னிடமுள்ள மல்டிமீட்டரில் மின்தேக்கத்தை அளக்கும் வசதி இருக்கிறது. அதை நம்பி முடிவெடுக்கலாமா? ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்து, ஏதாவது ஒலி வருகிறதா என்று பார்ப்பதில் தவறு உண்டா? பாகங்களைச் சிங்கப்பூரில் எங்கே வாங்குவது என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையவால்வு

வணக்கம் தம்பி. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எச்கியூ-129-எக்ஸுக்கு இப்போதைக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ஒலி வருகிறதா என்று பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில், இனி வாங்கக் கிடைக்காத மின்மாற்றி ஒன்று எரிந்து போகக்கூடும். மின்தேக்கிக்கு ஆகும் செலவு சில வெள்ளி. அந்த மின்மாற்றிக்கு எவ்வளவு கொடுத்தாலும் ஈடு கிடைப்பது அரிது.

ஒரு மின்தேக்கியின் வயதை மட்டும் பார்த்து அதை மாற்றுவதா விடுவதா என்று தீர்மானிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது எந்த வகையைச் சேர்ந்தது, சுற்றில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். நீங்கள் கண்ட மெழுகுக் குழாய்கள் காகித மின்தேக்கிகள். இரண்டு உலோகத் தாள்களுக்கு நடுவே மெழுகு ஊட்டிய காகிதத்தை வைத்துச் சுருட்டி, அட்டைக் குழாயில் இட்டு, இரு முனைகளையும் மெழுகால் அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பு காற்றிலுள்ள ஈரத்தை நெடுங்காலம் தடுக்காது. ஆண்டுச் சராசரி ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், குளிர்சாதனம் இல்லாத சாமான் அறையில் இருந்த காகித மின்தேக்கி எதுவும் நல்ல நிலையில் இருக்கும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஈரம் புகுந்த காகிதம் மின்கடத்தாப் பொருளாக இருப்பதை விட்டு, சில மெகா ஓம் மின்தடையைப் போல நடந்துகொள்ளத் தொடங்கும். சூடேறினால் அந்த மதிப்பு இன்னும் இறங்கும்.

இந்தக் கசிவு எங்கே கேடு செய்யும் என்பதற்கு உங்கள் கருவியிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒலி வெளியீட்டு வால்வு 6வி6. அதன் கிரிட்டுக்கும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) முந்தைய நிலையின் பிளேட்டுக்கும் (நேர்மின்னழுத்தம் பெறும் வெளியீட்டு முனை) நடுவே ஓர் இணைப்பு மின்தேக்கி உண்டு. மாறுமின் குறிகையை மட்டும் விட்டு, பிளேட்டிலுள்ள நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. கிரிட் மின்தடை 470 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்தேக்கி வழியாக வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே கிரிட்டில் நேர்மறையாக 4.7 வோல்ட் தோன்றிவிடும். 250 வோல்ட்டில் இயங்கும் 6வி6 வால்வுக்குத் தேவைப்படும் கிரிட் அழுத்தம் எதிர்மறையாக 12.5 வோல்ட், அப்போது பிளேட் மின்னோட்டம் 45 மில்லி ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 11.25 வாட், பழைய தரவுத்தாளில் பிளேட்டுக்கு அனுமதித்த எல்லையே 12 வாட்தான். எல்லையை ஒட்டியே ஓடும் வால்வில் எதிர்மறை அழுத்தம் 4.7 வோல்ட் குறைந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். கேதோடு (எலக்ட்ரான்களை உமிழும் முனை) மின்தடை ஓரளவு ஈடுகட்டும் என்றாலும், பிளேட் சிவப்பதையும், ஒலி மின்மாற்றியின் முதன்மைச் சுருள் சூடாவதையும் அது முழுமையாகத் தடுக்காது. ஆகவே அந்த ஒரு மின்தேக்கியைத்தான் நான் எப்போதும் முதலில் மாற்றுவேன்.

அடுத்த நிலையில் வருபவை, திரை கிரிட்டையும் பி பிளஸ் எனும் உயர் நேர்மின்னழுத்தத் தடத்தையும் சேசிஸுக்கு (கருவியின் உலோகச் சட்டகம்) வழிவிலக்கும் மின்தேக்கிகள். இவை கசிந்தால் மேலேயுள்ள மின்தடை தேவைக்கு மேல் மின்னோட்டத்தைச் சுமந்து, கருகி, மதிப்பு மாறிவிடும். மின்தடைதான் பழுது என்று எண்ணி அதை மட்டும் மாற்றினால் புதியதும் கருகும். தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாட்டுத் தடத்தில் உள்ளவை நெருப்பு மூட்டாது, ஆனால் ஏமாற்றும். அங்குள்ள மின்தடைகள் மெகா ஓம் கணக்கில் இருப்பதால், மின்தேக்கி ஒன்றிரண்டு மெகா ஓம் கசிந்தாலே கட்டுப்பாட்டு அழுத்தத்தில் பாதி காணாமல் போகும். வலுவான நிலையங்கள் கரகரக்கும், குறிகையின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டர் பொய் சொல்லும். பார்ப்பவர் ஒத்திசைவுச் சுருள்களைத் திருகத் தொடங்குவார். அதற்குப் பிறகு அந்தக் கருவியை ஒழுங்குக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. கேதோடு வழிவிலக்கு மின்தேக்கிகளோ சில நூறு ஓம் மின்தடைக்கு இணையாக இருப்பவை. அவை கொஞ்சம் கசிந்தாலும் யாருக்கும் தெரியாது. அடித்தகடு திறந்திருக்கும்போது அவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாம், அவசரம் இல்லை.

மல்டிமீட்டரைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஒரு வோல்ட் அளவிலான அழுத்தத்தில் மின்தேக்கத்தை அளக்கிறது. 200 வோல்ட்டில் கசிவதை அது எப்படி அறியும்? கசியும் காகித மின்தேக்கியைப் பல மீட்டர்கள் அதன்மேல் எழுதியதைவிட அதிக மதிப்புடையதாகவும் காட்டும். அளக்க விரும்பினால், மின்தேக்கியின் ஒரு காலைக் கழற்றி, 100 வோல்ட் நேர்மின் மூலத்துக்கும் 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட மீட்டருக்கும் தொடராக இணையுங்கள். மீட்டர் 10 வோல்ட் காட்டினால் ஒரு மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று பொருள். மின்தேக்கியின் கசிவுத் தடை 90 மெகா ஓம். இணைப்பு மின்தேக்கிக்கு நான் அதையே ஏற்க மாட்டேன்.

மாற்றாக 630 வோல்ட் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் படல மின்தேக்கிகளை வாங்குங்கள். 0.05 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தால் 0.047, 0.02 என்றிருந்தால் 0.022 போதும், அக்காலத்துப் பாகங்களின் துல்லியம் அதைவிட மோசம். பழைய குழாயின் ஒரு முனையில் கோடு இருந்தால் அது வெளித்தாள் பக்கம். அந்தப் பக்கம் சேசிஸை நோக்கியோ மின்மறுப்புக் குறைந்த இடத்தை நோக்கியோ இருக்கும். புதியதில் அந்த அடையாளம் பெரும்பாலும் இருக்காது. கால்களைக் குட்டையாக வெட்டி, பழையது சேசிஸைத் தொட்ட அதே புள்ளியில் புதியதையும் பற்றவையுங்கள். 30 மெகாஹெர்ட்ஸ் வரை செல்லும் கருவியில் அரை அங்குலம் கூடுதல் கம்பிக்கும் விளைவு உண்டு.

தொடக்கூடாதவையும் உண்டு. ஒத்திசைவுச் சுற்றுகளிலும் அலைவியற்றியிலும் உள்ள வெள்ளி மைக்கா மின்தேக்கிகளையும், என்750 என்பது போன்ற குறியுடைய செராமிக் மின்தேக்கிகளையும் விட்டுவிடுங்கள். என்750 என்றால் ஒரு பாகை செல்சியஸ் உயர்வுக்குப் பத்து இலட்சத்தில் 750 பங்கு மின்தேக்கம் குறையும் என்று பொருள்; சுருள் சூடாகும்போது அலைவெண் நகர்வதை ஈடுசெய்யத் தெரிந்தே வைத்தது அது. அங்கே கையில் கிடைத்த செராமிக்கைப் போட்டால், நிலையம் ஒவ்வொரு கால் மணி நேரமும் நகர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றும் பழக்கத்தை நான் விரும்பாததற்கு முதன்மையான காரணம் இதுவே.

பிடோக் மின்பணியாளர்

மேலே நண்பர் எழுதியதோடு உடன்படுகிறேன். அவர் விட்டுவைத்த இரண்டை மட்டும் சேர்க்கிறேன்: அலுமினியக் குப்பியில் வரும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகளும், 230 வோல்ட் நுழையும் வாயிலும்.

அலுமினியக் குப்பியின் அடியிலுள்ள வெள்ளைப் பொடி, உள்ளிருந்த மின்பகு நீர்மம் கசிந்து உலர்ந்ததன் அடையாளம். பல ஆண்டுகள் மின்னழுத்தம் இன்றிக் கிடக்கும்போது அலுமினியத் தாளின் மேலுள்ள ஆக்சைடுப் படலம் வலுவிழந்து, கசிவு கூடும். மின்தடை வழியாக அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றினால் அந்தப் படலம் மீண்டும் உருவாகும் என்பது உண்மைதான். ஆனால் வற்றிய நீர்மத்தை எந்த அழுத்தமும் திரும்பக் கொண்டுவராது. 1970களின் குப்பிகளுக்கு அந்த முயற்சி தகும். 1940களின் குப்பிக்கு, அதுவும் கசிந்த குப்பிக்கு, தகாது என்பது என் கருத்து. வேரியாக்கில் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் மின்மாற்றி) மெதுவாக ஏற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் ஹாமர்லண்டில் திருத்தியாக (மாறுமின்னை நேர்மின்னாக்குவது) இருப்பது 5யு4ஜி வால்வு. அதன் இழைக்கு ஏறத்தாழ முழு 5 வோல்ட் கிடைக்கும் வரை அது சரிவரக் கடத்தாது. ஆகவே வேரியாக்கைத் திருகிக்கொண்டே போகும்போது நெடுநேரம் ஒன்றும் நடக்காது, பிறகு அழுத்தம் சட்டென்று மேலேறிவிடும். மின்தேக்கியைக் கழற்றித் தனி மின்மூலத்தில் இணைத்துச் செய்வதுதான் முறை.

புதிய வடிகட்டி மின்தேக்கி வாங்கும்போது அழுத்த அளவைக் கவனியுங்கள். 5யு4ஜி சில வினாடிகளில் சூடேறிவிடும்; மற்ற வால்வுகள் மறைமுகச் சூடேற்றம் உடையவை, அவை மின்னோட்டம் இழுக்கத் தொடங்க இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில் பாரம் ஏதும் இல்லாததால் மின்தேக்கி உச்ச அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். மின்மாற்றியின் இரண்டாம் சுருளில் ஒரு பாதிக்கு 300 வோல்ட் என்றால் உச்சம் 424 வோல்ட். அதற்கு 450 வோல்ட் மின்தேக்கி கணக்குக்குச் சரி, மனத்துக்குச் சரியில்லை. 500 வோல்ட் போடுவேன். மின்தேக்கத்தை 8 மைக்ரோஃபாரட் என்றிருந்தால் 10 ஆக்கலாம். ‘பெரிதாக இருந்தால் இரைச்சல் குறையும்’ என்று திருத்திக்கு அடுத்த முதல் மின்தேக்கியை 100 ஆக்கினால், ஒவ்வொரு சுழற்சியிலும் பாயும் உச்ச மின்னோட்டம் 5யு4ஜி தாங்கும் அளவைக் கடந்துவிடும். வெப்ப அளவு 105 பாகை என்று எழுதியதையே வாங்குங்கள். வெப்பம் 10 பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. சேசிஸுக்கு அடியிலும் வெப்பம், வெளியிலும் வெப்பம் என்ற நம் நிலைமையில் அந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு. பழைய இருப்பில் பெட்டி பிரிக்காமல் கிடந்ததாகச் சொல்லி விற்கும் எலக்ட்ரோலைட்டிக்குகளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி மின்வாயில். அமெரிக்கக் கருவி 117 வோல்ட்டுக்கு உரியது. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அழுத்தம் இறக்கும் மின்மாற்றி கட்டாயம் வேண்டும். கருவியின் பின்புறத் தகட்டில் 50 ஹெர்ட்ஸ் அனுமதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்த மின்மாற்றியை 50இல் ஓட்டினால் உள்ளகத்தின் காந்தப்பாயம் 20 விழுக்காடு கூடி, மின்மாற்றி அளவுக்கு மீறிச் சூடாகும். மின்கம்பி உள்ளே நுழையும் இடத்தில், கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே காகித மின்தேக்கி இருந்தால் அதை வெட்டி எடுத்துவிடுங்கள். அது குறுக்கிட்டால் (உள்ளே இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிட்டால்) சேசிஸ் முழுவதும் மின்னேறிவிடும். அந்த இடத்துக்கு உரியது வை2 வகைப் பாதுகாப்பு மின்தேக்கி மட்டுமே. பழுதாகும்போது குறுக்கிடாமல் திறந்த நிலைக்குச் செல்லும்படி வடிவமைத்துச் சோதித்தது அது. இரு கம்பிகளுக்கு நடுவே குறுக்காகப் போடுவது எக்ஸ்2 வகை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடக்கூடாது.

வை2 மின்தேக்கி 0.01 மைக்ரோஃபாரட் என்றால், 230 வோல்ட்டில் நேரடியாக இணைத்தால் சேசிஸுக்குப் போகும் மின்னோட்டம் 0.72 மில்லி ஆம்பியர். வீட்டிலுள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் விசை) அதற்குத் துண்டிக்காது. ஆனால் நில இணைப்பு இல்லாத சேசிஸைத் தொட்டால் விரலில் சுருக்கென்று உணர்வீர்கள். எனவே இரட்டைக் கம்பியை எடுத்துவிட்டு மூன்று கம்பி வடத்தைப் போட்டு, பச்சை மஞ்சள் கம்பியைச் சேசிஸில் திருகு போட்டு இறுக்குங்கள். 13 ஆம்பியர் பிளக்கில் வரும் உருகியை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் உருகியைப் போடுங்கள். இடையிலுள்ள மின்மாற்றியின் வெளியீட்டுத் துளையிலும் நில இணைப்பு தொடர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பயணிகளுக்கு விற்கும் சிறிய மாற்றிகள் பலவற்றில் அது இருக்காது.

சேகரிப்பாளர்

இருவரும் எழுதியதைப் படித்தபின் ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். எச்கியூ-129-எக்ஸ் போன்ற கருவி தன் தொழிற்சாலை நிலையில் நம்மிடம் வந்து சேர்வது அரிது. அதன் அடிப்புறத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அன்றைய கம்பி வேலையும், அன்றைய பாகங்களின் நிறமும் அச்செழுத்தும் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பளீரென்ற மஞ்சள் படல மின்தேக்கிகள் வரிசையாகத் தொங்கும் சேசிஸ் என் கண்ணுக்கு அழகாக இல்லை. பழம்பொருள் விற்ற சுங்கை ரோட்டுச் சந்தை 2017இல் மூடப்பட்ட பிறகு இப்படிப்பட்ட கருவிகள் கண்ணில் படுவதே குறைந்துவிட்ட நிலையில், இருப்பவற்றை அவசரப்பட்டு உருமாற்றக் கூடாது.

நான் செய்வது இதுதான். ஒவ்வொன்றையும் அளந்து, தேறாததை மட்டும் எடுப்பேன். எடுத்ததையும் எறிய மாட்டேன். வெப்பக்காற்றால் மெழுகை இளக்கி, உள்ளிருக்கும் சுருளை ஒரு குச்சியால் தள்ளி வெளியேற்றி, அட்டைக் குழாயினுள் அதைவிடச் சிறிய புதிய படல மின்தேக்கியை வைத்து, முனைகளை மெழுகால் அடைத்துப் பழைய இடத்திலேயே பொருத்துவேன். அலுமினியக் குப்பிகளுக்கும் இப்படிச் செய்யலாம். அடிப்பகுதியை மெல்லிய இரம்பத்தால் அறுத்து, உள்ளே இடம் செய்து, மூடும்போது அறுத்த கோடு சேசிஸின் பிடிப்பட்டைக்குள் மறையும்படி அமைக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பெரியப்பா வைத்துப் பார்த்த கருவி என்று கேள்வியாளர் எழுதியிருப்பதால் இதைச் சொல்லத் தோன்றியது.

பழையவால்வு

குழாயின் உள்ளே புதியதை ஒளித்து வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பொறுமை உள்ளவர் செய்யட்டும். ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க வேண்டும் என்பதில்தான் வேறுபடுகிறேன். மெழுகுக் காகித மின்தேக்கி இன்று தேறினாலும், கருவி சூடாகி ஒரு மாதம் ஓடிய பிறகு தேறும் என்பதற்கு உறுதி இல்லை. அளப்பதற்காக ஒரு காலைக் கழற்றி மீண்டும் பற்றவைக்கும் உழைப்பும், புதியதைப் போடும் உழைப்பும் ஏறத்தாழ ஒன்றே. அதைவிட, பழைய முனைகளில் இருமுறை சாலிடர் சூடு காட்டுவது வால்வுத் தளங்களின் தாங்குகளுக்கு நல்லதும் அல்ல.

விலையுயர்ந்த பாகத்தைக் காக்கும் மின்தேக்கியைப் பொறுத்தவரை ‘இன்னும் நன்றாக இருக்கிறது’ என்ற பேச்சே கூடாது. ஆர்-390ஏ அலைவாங்கி வைத்திருப்பவர்கள் சி553 என்ற எண்ணைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஒரு 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி குறுக்கிட்டால், பி பிளஸ் அழுத்தம், அலைவெண்ணைப் பிரித்தெடுக்கும் இயந்திர வடிகட்டிகளுக்குள் பாய்ந்து அவற்றின் சுருளை எரித்துவிடும். ஒரு வெள்ளிகூடப் பெறாத பாகத்துக்காக அந்த வடிகட்டியைப் பணயம் வைப்பதில் எந்த வரலாற்று மதிப்பும் எனக்குத் தென்படவில்லை.

ஈசூன்வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் மிக்க நன்றி. மின்கம்பி நுழையும் இடத்தையும் 6வி6 வால்வின் இணைப்பு மின்தேக்கியையும் முதலில் கவனிக்கிறேன். இணைப்புகளைப் பிரிக்கும் முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துவிட்டேன். ஓர் ஐயம்: சேசிஸுக்கு அடியில் தபால்தலை அளவில், தட்டையாக, பழுப்பு நிறத்தில், வண்ணப் புள்ளிகளோடு சில மின்தேக்கிகள் உள்ளன. இவற்றை மைக்கா என்று கருதி அப்படியே விட்டுவிடலாமா? யாயெசுவைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையவால்வு

நல்ல வேளையாகக் கேட்டீர்கள். உருவத்தில் மைக்காவாகவும் உள்ளே காகிதமாகவும் இருக்கும் வகை ஒன்று உண்டு. மைக்கமோல்டு என்ற அமெரிக்க நிறுவனம் அவற்றை ஏராளமாகச் செய்தது. வண்ணப் புள்ளிகளைப் படித்து மதிப்பைக் கண்டுபிடியுங்கள். சில பத்து அல்லது சில நூறு பிக்கோஃபாரட் என்றால் அது மைக்காவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், தொட வேண்டாம். 5,000 அல்லது 10,000 பிக்கோஃபாரட் என்று வந்து, அது வழிவிலக்கு வேலையும் செய்தால், காகிதம் என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்.

சிற்றலை தெம்பனிஸ்

யாயெசு எஃப்டி-101ஈ வகையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஹாமர்லண்டுக்குச் சொன்னதில் பாதி இதற்குப் பொருந்தாது. இதில் மெழுகுக் காகிதம் கிடையாது. படலமும் செராமிக்கும் மைக்காவும் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். நூற்றுக்கணக்கில் உள்ள அவற்றையெல்லாம் கழற்றி மாற்றுவது, பழைய அச்சுப் பலகையின் செம்புத் தடங்களை உரித்தெடுக்கும் வேலையாகவே முடியும். இக்கருவியில் எலக்ட்ரோலைட்டிக்குகளையும், கீழே சொல்லும் ஓர் இணைப்பு மின்தேக்கியையும் மட்டும் பாருங்கள், அவற்றிலும் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் பட்டியலில் முதலில் நிற்பது வெளியீட்டு வால்வுகளுக்கு எதிர்மறை கிரிட் அழுத்தம் தரும் பகுதியின் மின்தேக்கி. 6ஜேஎஸ்6சி வால்வுகள் இரண்டும் அந்த எதிர்மறை அழுத்தத்தை நம்பித்தான் கட்டுக்குள் இருக்கின்றன. அந்த மின்தேக்கி வற்றியோ குறுக்கிட்டோ அழுத்தம் குறைந்தால், வால்வுகள் சில நொடிகளில் சிவந்துவிடும். நல்ல 6ஜேஎஸ்6சி இணை இன்று எளிதில் கிடைப்பதும் இல்லை, மலிவும் இல்லை. மாற்றும்போது துருவத்தை மறக்காதீர்கள்: எதிர்மறை மின்வழங்கி ஆகையால் மின்தேக்கியின் நேர்முனைதான் சேசிஸுக்குப் போகும். கை பழக்கத்தில் எதிர்முனையைச் சேசிஸில் பற்றவைத்தால் அது வெடிக்கும்.

அதே காரணத்துக்காக, 12பிஒய்7ஏ உந்து வால்வின் பிளேட்டிலிருந்து 6ஜேஎஸ்6சி கிரிட்டுகளுக்குப் போகும் இணைப்பு மின்தேக்கியையும் மாற்றிவிடுங்கள். மேலே 6வி6 பற்றிச் சொன்ன கதைதான் இங்கும், விளைவு மட்டும் பன்மடங்கு. அதே மதிப்புடைய, 1,000 வோல்ட் தாங்கும் வெள்ளி மைக்காவைப் போடுவது நல்லது.

அடுத்து உயர் மின்னழுத்த வடிகட்டி. வெளியீட்டு வால்வுகளின் பிளேட்டுக்கு ஏறத்தாழ 600 வோல்ட் தரும் பகுதி இது. எலக்ட்ரோலைட்டிக்குகளைத் தொடராக இணைக்கும் இடங்களில் ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு சமன்செய் மின்தடை இருக்கும். அந்த மின்தடைகள் காலப்போக்கில் மதிப்பு ஏறி ஒன்றுக்கொன்று வேறுபட்டுவிட்டால், அழுத்தம் சமமாகப் பிரியாது; ஒரு மின்தேக்கி தன் எல்லையைத் தாண்டிய அழுத்தத்தைச் சுமக்கும். ஆகவே மின்தேக்கிகளை மாற்றும்போது மின்தடைகளையும் மாற்றாமல் விடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன், 10 கிலோ ஓம், 10 வாட் கம்பிச்சுற்று மின்தடை ஒன்றுக்கு நன்கு காப்பிட்ட கம்பிகளை இணைத்து, அதனால் மின்தேக்கிகளை வடியுங்கள். திருப்புளியால் குறுக்கிட்டு வடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள். 600 வோல்ட்டில் 47 மைக்ரோஃபாரட் சேமித்து வைக்கும் ஆற்றல் 8 ஜூலுக்கு மேல். மேற்சொன்ன மின்தடை வழியாக அது வடிய மூன்று வினாடி போதும். வடித்த பிறகு மீட்டரை வைத்துப் பூச்சியத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே கையை உள்ளே விடுங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முதல் நாளில் முன்புறமுள்ள ஹீட்டர் விசையை அணைத்தே வையுங்கள். வால்வுகளின் இழை எரியாது. வாங்கும் பகுதி டிரான்சிஸ்டர்களால் ஆனது என்பதால் அது தனியே இயங்கும். உயர் மின்னழுத்தம் அப்போதும் உள்ளே இருப்பதாகவே கருதி நடந்துகொள்ளுங்கள். பின்புறத்து அழுத்தத் தேர்வையும் முன்னதாகவே சரிபாருங்கள். இவ்வரிசைக் கருவிகளின் மின்மாற்றியை 220, 234 வோல்ட் ஆகிய இரண்டுக்கும் இணைக்க முடியும். நம் 230 வோல்ட்டுக்கு 234 பொருத்தம். 220இல் விட்டுவைத்தால் உள்ளேயுள்ள எல்லா அழுத்தங்களும் நாலரை விழுக்காடு கூடுதலாகவே இருக்கும், புதிய மின்தேக்கிகளுக்கும் அது சுமை.

வாங்கும் பகுதி நன்றாகக் கேட்கிறது என்றால், ஒலிப் பலகையிலும் மின்வழங்கிப் பலகையிலும் உள்ள சிறு எலக்ட்ரோலைட்டிக்குகளை ஒரு நேரத்தில் ஒரு பலகை என்ற கணக்கில் மாற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் கருவியை இயக்கிப் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பிறகு ஒலி வரவில்லை என்றால், துருவம் மாறியது எது, தடம் உரிந்தது எங்கே என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பலகைகள் செருகி எடுக்கும் வகை என்பதால் வேலை எளிது. எடுத்த கையோடு செருகுமுனைகளையும் துடைத்துவிடுங்கள். மின்தேக்கி பழுது என்று பலர் எண்ணும் விட்டுவிட்டுக் கேட்கும் குறை, பெரும்பாலும் அந்த முனைகளில் படிந்த கறையால் வருவது.

பாகங்களுக்குச் சிம் லிம் டவர் போய்ப் பாருங்கள்; ஜாலான் புசாரில், ரோச்சோர் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் நிற்காதீர்கள், புதியவர்கள் பலர் அங்கே போய்விடுகிறார்கள். படல மின்தேக்கிகளும் 450 வோல்ட் வரையிலான எலக்ட்ரோலைட்டிக்குகளும் டவர் கடைகளில் கிடைக்கும். 500 வோல்ட் வகையையும் 1,000 வோல்ட் வெள்ளி மைக்காவையும், பெயர் பெற்ற உதிரிபாக விநியோகிப்பாளர்களிடம் இணையத்தில் வரவழைப்பதுதான் பாதுகாப்பு. அறிமுகமில்லாத விற்பனையாளர்களிடம் மலிவாகக் கிடைக்கும் பெரிய எலக்ட்ரோலைட்டிக்குகளில், பெரிய உறைக்குள் சிறிய மின்தேக்கியை வைத்து ஏமாற்றுவது உண்டு. வாங்கியதும் எடையை ஒத்த அளவுள்ள நல்ல ஒன்றோடு ஒப்பிட்டு, மின்தேக்கத்தை அளந்துவிட்டுப் பொருத்துங்கள். இந்த வேலைக்கு மட்டும் உங்கள் மல்டிமீட்டர் போதும்.